துருவத்தில் விடுபடும் ஒரு நாள்

பனிக்கட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். நுவரெலியாவில் ஜனவரி மாத விடியலொன்றில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்தாலே அது பத்திரிகையில் படமாக வந்துவிடுகிறது. இப்படிப்பட்ட நாட்டில் இருந்துகொண்டு, துருவங்களின் வானிலையை உலக நாடுகள் ஒன்றுசேர்ந்து அவதானிப்பது பற்றிக் கட்டுரை எழுதப் போகிறேன் என்றதும் உம்மா, "ஏன் மகள், எழுதுறதுக்கு வேற ஒண்டும் கெடைக்கல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இதைப் படிக்கத் தொடங்கும் சகோதரிகளும் பெற்றோரும் அதையே கேட்கக்கூடும்.

என் பதில் இது. உயர்தரப் பரீட்சைக்கு ஒருவர் மூன்று தடவை தோற்றலாம். துருவத்தில் ஒரு நாள் எடுக்கப்படாமல் விடப்பட்ட வெப்பநிலைக்கு இரண்டாம் தடவை கிடையாது. அந்த நாள் போனால் போனதுதான். பிறகு எவ்வளவு பணம் வந்தாலும், எவ்வளவு நல்ல கருவி வந்தாலும் அந்த எண்ணைத் திரும்பப் பெற முடியாது. அந்த எண்களை எந்த ஒரு நாடும் தனியாகத் திரட்டவும் முடியாது. கடந்த சில ஆண்டுகளாக நாடுகளுக்கிடையிலான பகையால் அவை விடுபட்டுக்கொண்டிருக்கின்றன. பகைத்துக்கொள்பவை பெரிய நாடுகள். விடுபட்ட எண்களுக்கான விலையைக் கொடுக்கப் போகிறவர்களில் கடலோரத்தில் வாழும் நாமும் அடக்கம். ஆகவே இதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு என்பதே என் வாதம்.

துருவம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது கொடி நாட்டியவர்களின் கதை. 1911இல் அமுண்ட்சன் தென் துருவத்தை முதலில் அடைந்தார். ஒரு மாதம் பிந்திப்போன ஸ்கொட் திரும்பும் வழியில் தோழர்களோடு இறந்தார். யார் முந்தினார் என்ற போட்டி அது. அந்தப் போட்டியில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. அவர்களுக்கு ஏறத்தாழ நாற்பது வருடங்களுக்கு முன்பே அந்தப் போட்டி வீண் என்று துணிந்து சொன்ன ஒரு மனிதரின் கதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அவர் பெயர் கார்ல் வைப்ரெக்ட். ஒஸ்திரிய-ஹங்கேரியக் கடற்படை அதிகாரி. 1872இல் தெகெத்தொவ் என்ற கப்பலில் வட துருவக் கடலுக்குப் போனார். சில வாரங்களிலேயே கப்பல் பனியில் இறுகிக்கொண்டது. அதன் பிறகு பனி எங்கே நகர்ந்ததோ அங்கேதான் கப்பலும் நகர்ந்தது. அப்படி நகர்ந்து போனதில் அதுவரை யாரும் வரைபடத்தில் குறிக்காத தீவுக் கூட்டமொன்று எதிர்ப்பட்டது. தங்கள் பேரரசரின் பெயரால் அதற்கு பிரான்ஸ் யோசப் நிலம் என்று பெயர் வைத்தார்கள். இரண்டு குளிர்காலங்கள் பனிக்குள்ளேயே கழிந்தன. 1874இல் கப்பலைக் கைவிட்டு, படகுகளைப் பனியின் மேல் இழுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்தார்கள். கடைசியில் அவர்களைக் கண்டு காப்பாற்றியது ஒரு ரஷ்ய மீன்பிடிக் கப்பல். இந்தக் கட்டுரையில் பின்னர் ரஷ்யாவைப் பற்றிப் பேச இருப்பதால் அதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஊர் திரும்பிய வைப்ரெக்டைக் கொண்டாடினார்கள். புதிய நிலத்தைக் கண்டுபிடித்தவர் அல்லவா! ஆனால் 1875இல் விஞ்ஞானிகளின் கூட்டமொன்றில் அவர் சொன்னது வேறு. எந்த நாடு எந்தத் தீவைக் கண்டது என்பதால் விஞ்ஞானத்துக்குப் பெரிய இலாபம் இல்லை. ஒரு கப்பல் ஓரிடத்தில் தனியாக எடுத்த அளவீடுகளும் தனியாகவே கிடக்கும். பல நாடுகள், துருவத்தைச் சுற்றிப் பல இடங்களில், ஒரே காலத்தில், ஒரே முறைப்படி அவதானித்தால்தான் பயன் உண்டு என்பதே அவர் சொன்னதன் சாரம்.

புவியியல் படிக்கும் சகோதரிகளுக்கு இது உடனே விளங்கும். ஓரிடத்தில் வளியமுக்கம் குறைந்திருக்கிறது என்பது தனியே பெரிய செய்தி அல்ல. பக்கத்தில் எவ்வளவு, அதற்கு அப்பால் எவ்வளவு என்று அதே நேரத்தில் தெரிந்தால்தான் காற்று எத்திசையில் வீசும் என்று சொல்லலாம். காற்றுக்கு எல்லைக்கோடு தெரியாது. ஆகவே அதை அளப்பவர்களும் எல்லைக்கோட்டைப் பார்க்க முடியாது.

வைப்ரெக்ட் காசநோயால் 1881இல் இறந்தார். அவர் கேட்டது அடுத்த ஆண்டே நடந்தது. 1882 முதல் 1883 வரையான காலம் முதலாவது சர்வதேச துருவ ஆண்டாக அமைந்தது. பத்துக்கும் மேற்பட்ட நாடுகள் வடக்கிலும் தெற்கிலும் நிலையங்களை அமைத்தன. அவற்றில் ஒன்றின் கதை கொடூரமானது. அமெரிக்கப் படை அதிகாரி அடோல்பஸ் கிறீலியின் தலைமையில் 25 பேர் கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில் தங்கினார்கள். 1882இல் வரவேண்டிய உதவிக் கப்பல் பனியைத் தாண்டி வர முடியவில்லை. 1883இல் வந்த கப்பலைப் பனி நசுக்கிவிட்டது. உணவு தீர்ந்து ஒவ்வொருவராக இறந்தார்கள். 1884 ஜூனில் மீட்புக் கப்பல் வந்தபோது ஏழு பேர் உயிரோடிருந்தார்கள். அவர்களிலும் ஒருவர் வழியில் இறந்துபோனார். ஆனால் இரண்டு வருடங்கள் அவர்கள் எடுத்த வெப்பநிலை, அமுக்கம், காந்தப்புல அளவீடுகள் வீடு வந்து சேர்ந்தன. அந்தத் தீவில் அக்காலத்தில் என்ன குளிர் என்று இன்று ஒருவர் அறிய விரும்பினால் அந்த ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும். அதற்காக இத்தனை உயிர்களா என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஏட்டில் இன்றைய மனிதர்கள் வேண்டுமென்றே வெற்றுப் பக்கங்களை விடுவது எவ்வளவு பெரிய நன்றிகேடு என்று மட்டும் சொல்லத் தெரிகிறது.

இரண்டாவது துருவ ஆண்டு 1932-33இல் வந்தது. அதைத் தாண்டி 1957-58க்கு வருகிறேன். சர்வதேச புவிப்பௌதிக ஆண்டு என்று அதற்குப் பெயர். உலகம் அமெரிக்கப் பக்கம், சோவியத் பக்கம் என்று இரண்டாகப் பிளந்து கிடந்த காலம். இரு பக்கமும் அணுகுண்டுகளைக் குவித்துக்கொண்டிருந்தன. அதே நேரத்தில் அந்தாட்டிக்காவில் அமெரிக்கா சரியாகத் தென் துருவத்திலேயே ஒரு நிலையத்தைக் கட்டியது. சோவியத் ஒன்றியம் உள்நிலத்தில் வொஸ்தொக் நிலையத்தைக் கட்டியது. ஒவ்வொரு நிலையமும் தன் அளவீடுகளை வானொலி மூலம் அனுப்ப, அவற்றையெல்லாம் சேர்த்து வானிலைப் படம் வரையும் மையம் அமெரிக்கரின் முகாமில் இயங்கியது. அங்கே ஒரு சோவியத் வானிலையாளர் அமர்ந்து வேலை செய்தார். சோவியத் நிலையமான மீர்னியில் ஓர் அமெரிக்க வானிலையாளர் முழுக் குளிர்காலத்தையும் கழித்தார். வெளியே ஒருவரையொருவர் அழிக்கத் தயாராக இருந்தவர்கள், உள்ளே ஒரே மேசையில் ஒரே படத்தில் கோடு வரைந்தார்கள்.

அந்த அனுபவத்தில் பிறந்ததுதான் 1959 டிசம்பர் முதலாம் திகதி 12 நாடுகள் கையெழுத்திட்ட அந்தாட்டிக்கா ஒப்பந்தம். அந்தாட்டிக்காவை அமைதியான தேவைகளுக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்கிறது அது. நிலத்துக்கு உரிமை கோரியவர்களின் கோரிக்கைகளை அப்படியே உறைய வைத்துவிட்டது. பொருத்தமான இடத்தில்தான் உறைய வைத்தார்கள்! அங்கே எடுக்கும் அவதானங்களையும் முடிவுகளையும் எல்லோருக்கும் கிடைக்கும்படி பகிர வேண்டும் என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது.

இந்த இடத்தில் எங்களைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அத்தனை நாடுகள் அத்தனை பகையை மறந்து ஒன்றுசேர்ந்த அந்த ஏற்பாட்டில் பெண்களுக்கு அநேகமாக இடம் இருக்கவில்லை. அமெரிக்காவின் அந்தாட்டிக்கத் திட்டம் பெண் ஆய்வாளர்களை உள்ளே விட்டது 1969இல்தான். லொயிஸ் ஜோன்ஸ் என்ற இரசாயனவியலாளரின் தலைமையில் பெண்கள் மட்டுமே அடங்கிய குழுவொன்று அவ்வருடம் அங்கே வேலை செய்தது. பரம எதிரிக்குக் கதவு திறந்து பன்னிரண்டு வருடங்கள் கழித்துத்தான் தன் நாட்டுப் பெண்ணுக்குக் கதவு திறந்திருக்கிறது. மனித குலத்தின் பாதியை வெளியே நிறுத்திவிட்டு அதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சரி, இப்படி நாள்தோறும் அளந்ததால் என்ன கிடைத்தது? ஓர் உதாரணத்தை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பிரித்தானியரின் ஹலி நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலிருந்து வானத்திலுள்ள ஓசோனின் அளவைப் பதிவு செய்து வந்தார்கள். ஆண்டுக்கு ஆண்டு ஏறத்தாழ ஒரே எண்கள். இதை அளந்து என்ன பயன் என்ற கேள்வி எழாமல் இருந்திருக்காது. ஆனால் நிறுத்தவில்லை. 1970களின் பிற்பகுதியிலிருந்து ஒக்டோபர் மாத எண்கள் சரியத் தொடங்கின. 1984 அளவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது. ஜோ பார்மன், பிரயன் கார்டினர், ஜொனதன் ஷாங்ளின் ஆகிய மூவரும் 1985 மே மாதத்தில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். ஓசோன் துளை என்று நாங்கள் சிறு வகுப்பிலேயே படித்தது இதைத்தான்.

செய்மதி இருக்கும்போது பனிக்குள் போய் மனிதர் ஏன் அளக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையிலேயே பதில் இருக்கிறது. அக்காலத்தில் அமெரிக்கச் செய்மதியும் அதே குறைவைக் கண்டிருந்தது. ஆனால் அந்த எண்கள் நம்ப முடியாத அளவுக்குச் சிறியவையாக இருந்தபடியால், பிழையாக இருக்கலாம் என்று குறியிட்டு வைக்கப்பட்டிருந்தன. தரையில் நின்று வருடக்கணக்கில் ஒரே விதமாக அளந்த கருவி இருந்ததால்தான் செய்மதி சொன்னதும் உண்மை என்று தெரிந்தது. இரண்டே வருடங்களில், 1987 செப்டெம்பர் 16ஆம் திகதி, மொன்றியல் உடன்படிக்கை கையெழுத்தானது. குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோபுளோரோகாபன் படிப்படியாக நீக்கப்பட்டது. இன்று இலங்கை உட்பட ஐ.நா.வின் எல்லா உறுப்பு நாடுகளும் அதில் சேர்ந்திருக்கின்றன. அந்தாட்டிக்காவுக்கு மேலுள்ள ஓசோன் 2066 அளவில் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்பது 2022ஆம் ஆண்டு மதிப்பீடு. இடையில் ஒரு பத்து வருடம் அளப்பதை நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களின் யோசனைக்கே விடுகிறேன்.

பிரித்தானியருக்கு அந்தாட்டிக்காவில் பரடே என்ற இன்னொரு நிலையமும் இருந்தது. 1947 முதல் அங்கே வானிலைப் பதிவுகள் உண்டு. 1990களில் அதை மூட விரும்பினார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அதன் அந்தாட்டிக்க நிலையங்கள் அனைத்தும் ரஷ்யாவிடம் போய்விட, உக்ரேனிடம் விஞ்ஞானிகள் இருந்தார்கள், நிலையம் இல்லை. 1996 பெப்ரவரியில் பிரித்தானியா அந்த நிலையத்தை ஒரே ஒரு பவுணுக்கு உக்ரேனுக்குக் கொடுத்தது. அளவீடுகளைத் தொடர வேண்டும், தரவுகளைப் பகிர வேண்டும் என்பதே உண்மையான விலை. வெர்னாட்ஸ்கி நிலையம் என்று இன்று அதற்குப் பெயர். 2022 பெப்ரவரியில் தங்கள் நாட்டின் மேல் குண்டுகள் விழத் தொடங்கியபோதும் அங்கிருந்த உக்ரேனியர்கள் அளப்பதை நிறுத்தவில்லை. வீட்டில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று தெரியாத நிலையிலும் வெளியே போய் வெப்பமானியைப் பார்த்து எழுதுவதற்கு எப்படிப்பட்ட மனம் வேண்டும்!

அந்தப் போர்தான் வடக்கில் ஏட்டைக் கிழித்தது. ஆட்டிக் சமுத்திரத்தின் கரையோரத்தில் ஏறத்தாழ அரைவாசி ரஷ்யாவுக்கு உரியது. ஆட்டிக் பேரவை என்ற எட்டு நாடுகளின் அமைப்பு 1996 முதல் இயங்கி வந்தது. 2022 மார்ச் 3ஆம் திகதி ஏனைய ஏழு நாடுகளும் ரஷ்யாவோடு ஒரே மேசையில் அமர மாட்டோம் என்று அறிவித்தன. பேரவையின் செயற்குழுக்கள் ரஷ்யாவையும் சேர்த்துக்கொண்டு இணையவழியில் மீண்டும் கூடத் தொடங்கியது 2024இல்தான். இதற்கிடையில் பல ஆய்வுத் திட்டங்கள் நின்றுபோயின. லீனா ஆற்றின் கழிமுகத்தில் சமொய்லொவ் என்ற தீவு உண்டு. அங்கே ஜேர்மன் விஞ்ஞானிகளும் ரஷ்ய விஞ்ஞானிகளும் 1998 முதல் சேர்ந்து நிலத்தடி உறைபனியின் வெப்பத்தை அளந்து வந்தார்கள். இப்போது ஜேர்மனியர் அங்கே போவதில்லை. இதற்கு மூன்றே வருடங்களுக்கு முன்னர் நிலைமை எப்படி இருந்தது என்பதை நினைத்தால்தான் இழப்பு விளங்கும். 2019 செப்டெம்பரில் ஜேர்மனியின் பொலார்ஸ்ரேர்ன் கப்பலை வேண்டுமென்றே ஆட்டிக் பனியில் இறுக விட்டு, 20 நாடுகளின் ஆய்வாளர்கள் ஒரு வருடம் அதோடு மிதந்தார்கள். வைப்ரெக்டுக்கு விபத்தாக நடந்ததை இவர்கள் திட்டமிட்டுச் செய்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் பனியை உடைத்துக்கொண்டு போய் ஆட்களை மாற்றிவிட்டது ரஷ்யக் கப்பல்.

சைபீரியாவின் தரை ஏன் அவ்வளவு முக்கியம்? நிரந்தரமாக உறைந்து கிடக்கும் வடக்கு நிலங்களுக்குள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அழுகாமல் கிடக்கும் தாவர எச்சங்களில், இன்று வளிமண்டலம் முழுவதிலும் உள்ளதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு காபன் இருக்கிறது. உருகினால் அது காபனீரொட்சைட்டாகவும் மெதேனாகவும் வெளியே வரும். அந்த நிலத்தின் மிகப் பெரிய பகுதி ரஷ்யாவில்தான். வடக்கில் பரந்திருக்கும் தரை ஆய்வு நிலையங்களிலிருந்து ரஷ்ய நிலையங்களை மட்டும் கழித்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று 2024இல் ஓர் ஆய்வுக் குழு கணித்தது. அதனால் ஏற்படும் கோணல், இந்த நூற்றாண்டு முடியும்வரை காலநிலை மாற்றத்தால் ஏற்படும் என எதிர்பார்க்கப்படும் மாற்றத்தின் அளவுக்கே வருகிறது என்று கண்டார்கள். அதாவது நாம் தேடும் பொருளும், தேடும் கண்ணாடியிலுள்ள கீறலும் ஒரே அளவில் இருக்கின்றன.

இங்கேதான் விவாதம் வருகிறது. இன்னொரு நாட்டின் மேல் படையெடுத்தவனோடு எப்படி ஒன்றாக அமர்வது? அப்படி அமர்ந்தால் அவன் செய்ததை ஏற்றுக்கொண்டதாக ஆகாதா? இந்தக் கேள்வியை நான் சாதாரணமாக எடுக்கவில்லை. போர் என்றால் என்ன என்பதை இந்த நாட்டவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஓர் அரசைத் தண்டிக்க அதன் வங்கியை முடக்கலாம், அதன் எண்ணெயை வாங்காமல் விடலாம், அதன் தலைவருடன் கைகுலுக்க மறுக்கலாம். அவற்றுக்கு நான் எதிரானவள் அல்ல. ஆனால் வெப்பமானியைத் தண்டிப்பதால் படையெடுத்த அரசுக்கு என்ன நோகும்? சைபீரியாவின் தரை உருகுவது வெளியே தெரியாமல் போனால் அதற்காகத் தூக்கமிழப்பவர்கள் அந்த அரசின் தலைவர்கள் அல்லர்.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் பிறப்புச் சான்றிதழுக்காகவும் காணி உறுதிக்காகவும் கந்தோர் கந்தோராக அலைந்த கதையை நாம் கேட்டிருக்கிறோம். போர் முதலில் தின்பது ஏடுகளைத்தான். அப்போதும்கூட, அலைந்து திரிந்தால் பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று கிடைத்துவிடலாம். 2022ஆம் ஆண்டின் கோடையில் சமொய்லொவ் தீவில் ஜேர்மன் விஞ்ஞானிகள் எடுக்கவிருந்த அளவீடுகளுக்குப் பிரதி எந்தக் கந்தோரிலும் இல்லை.

அமைதி வந்த பிறகு சேர்ந்து அளக்கலாம் என்பவர்களுக்கு வொஸ்தொக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 1983 ஜூலை 21ஆம் திகதி பூமியின் தரையில் கருவியால் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, மறை 89.2 பாகை செல்சியஸ், அங்கேதான் அளக்கப்பட்டது. அங்கே சோவியத் நாட்டவர் துளைத்தெடுத்த பனித் தண்டுகளில் பழங்காலக் காற்று குமிழிகளாக அடைபட்டிருந்தது. அதைப் பிரித்துப் படிக்கும் திறமை குளோட் லோரியஸ் தலைமையிலான பிரெஞ்சுக்காரரிடம் இருந்தது. அவர்களையும் பனித் தண்டுகளையும் சுமந்தவை அமெரிக்க விமானங்கள். இது நடந்தது 1980களின் நடுப்பகுதியில், பனிப்போர் முடியும் முன்னர். வெப்பநிலையும் காபனீரொட்சைட்டும் 160,000 வருடங்களாகச் சேர்ந்தே ஏறி இறங்கி வந்திருக்கின்றன என்று 1987இல் உலகம் அறிந்தது அப்படித்தான். பகை தீரட்டும் என்று மூவரும் காத்திருந்தால் அதை அறிவதற்கு இன்னும் பல வருடங்கள் ஆகியிருக்கும்.

இனி நம்மிடம் வருகிறேன். துருவத்தில் பனி உருகியதால்தான் நேற்று இங்கே வெள்ளம் வந்தது என்று மேடையில் பேசுவோர் உண்டு. அப்படி நேராகக் கோடு கிழிக்க முடியாது. ஒலுவில் கரையைக் கடல் அரித்ததற்கும் துறைமுகக் கட்டுமானத்தைத்தான் காரணம் காட்டுகிறார்கள், துருவத்தை அல்ல. நமக்கும் துருவத்துக்கும் உள்ள தொடர்பு இதைவிட அமைதியானது, ஆனால் உறுதியானது. கிறீன்லாந்தின் பனி மிகப் பெரிய திணிவு. பௌதிகவியலில் படித்த ஈர்ப்பு விதிப்படி அது தன்னைச் சுற்றியுள்ள கடல்நீரைத் தன்பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி உருகினால் அந்தப் பிடி தளரும். ஆகவே கிறீன்லாந்தின் கரையில் கடல் தாழும். தொலைவிலுள்ள வெப்பவலயக் கரைகளில் சராசரியைவிடக் கூடுதலாக உயரும். அதாவது அங்கே உருகும் பனியின் கணக்கு நம் பெயரில் எழுதப்படுகிறது. 2002இல் அமெரிக்காவும் ஜேர்மனியும் சேர்ந்து அனுப்பிய கிரேஸ் இரட்டைச் செய்மதிகள் அந்தப் பனியை வானத்திலிருந்தே நிறுத்துப் பார்த்தன. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 250 பில்லியன் தொன்னுக்கு மேல் கிறீன்லாந்து இழந்துகொண்டிருந்தது. புத்தளம் முதல் பொத்துவில் வரை கடலை நம்பியே வாழும் ஊர்கள் நமக்கு எத்தனை!

நாம் வெறுமனே கைநீட்டுபவர்களும் அல்லர். கொழும்பிலும் திருகோணமலையிலும் அம்பாந்தோட்டையிலும் நமது வளிமண்டலவியல் திணைக்களத்தார் எடுக்கும் அவதானங்கள் நாள்தோறும் உலகத்துக்குப் போகின்றன. ஐரோப்பாவின் கணினியும் அமெரிக்காவின் கணினியும் அவற்றையும் எடுத்துத்தான் உலக வானிலையைக் கணிக்கின்றன. கொடுப்பவர்களுக்குக் கேட்கவும் உரிமை உண்டு. உலக வளிமண்டலவியல் அமைப்பின் மாநாட்டில் நாட்டுக்கு ஒரு வாக்கு. ரஷ்யாவுக்கும் ஒன்று, அமெரிக்காவுக்கும் ஒன்று, இலங்கைக்கும் ஒன்று. 2021இல் அந்த அமைப்பு தரவுப் பகிர்வுக்குப் புதிய கொள்கையொன்றை ஏற்றது. வானிலை மட்டுமன்றிப் பனிப் பிரதேசங்களும் சமுத்திரங்களும் அதற்குள் வந்தன. கட்டாயம் பகிர வேண்டியவை, பகிர்ந்தால் நல்லது என்பவை என்று அதில் இரண்டு தட்டுகள் இருக்கின்றன. துருவத் தரையின் வெப்பம், பனியின் தடிப்பு போன்றவை முழுமையாக முதல் தட்டுக்கு வரவேண்டும், எந்தப் போரும் எந்தத் தடையும் அவற்றைத் தொடக்கூடாது என்று நமது பிரதிநிதிகள் எழுந்து கேட்க வேண்டும். மாலைதீவும் பங்களாதேசும் நம்மோடு சேரும் என்றே நினைக்கிறேன். கடல் ஏறினால் முதலில் நனையப் போகிறவர்கள் கேட்பதைத் தட்டிக்கழிப்பது எளிதல்ல.

அந்தாட்டிக்கா ஒப்பந்தத்திலும் நாம் சேரலாம். தென்னாசியாவில் இந்தியா 1983இலும் பாகிஸ்தான் 2012இலும் சேர்ந்துவிட்டன. ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சேரலாம் என்றே ஒப்பந்தம் சொல்கிறது. முடிவெடுக்கும் உரிமை கிடைக்க அங்கே பெரிய ஆய்வுகள் செய்ய வேண்டும். அதற்குக் கப்பல் வேண்டும், பணம் வேண்டும். சேர்வதற்கு ஒரு கையெழுத்துப் போதும். பொருளாதாரம் இப்படி இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று வாப்பாமார் கேட்பார்கள். மருந்துக்கும் எரிபொருளுக்கும் வரிசையில் நின்ற நாடு என்பதை நானும் மறக்கவில்லை. பேனாவுக்கு மை வாங்கும் செலவைத்தான் நான் கேட்கிறேன்.

ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032-33இல் வருகிறது. முதலாவதிலிருந்து சரியாக நூற்றைம்பது வருடங்கள். எங்கள் வகுப்பினர் அப்போது இருபத்தைந்து வயதை அண்மித்திருப்போம். எங்களில் ஒருத்திக்குக் கணிதமும் பௌதிகவியலும் நன்றாக வரும். அவளை எல்லோருக்கும் தெரியும், ஆனால் பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வாள். வளிமண்டலவியல் படிக்கப் போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்னபோது, "அதப் படிச்சி எங்க தொழில் செய்யப் போறாய்?" என்று கேட்டார்களாம். எங்கே என்பதற்கு என்னால் இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடியும்: எந்தெந்த இடங்களில் அளப்பது, யார் யாரைச் சேர்த்துக்கொள்வது என்று திட்டமிடும் கூட்டங்கள் ஏற்கெனவே தொடங்கிவிட்டன.